ஒன்றரைப் புள்ளியில் ஒரு பட்டம்: பிக் டென் மல்யுத்தத்தின் உள்கணக்கு

2022 மார்ச் 6 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பிக் டென் கல்லூரி மல்யுத்த சாம்பியன்ஷிப் முடிந்தபோது, மிச்சிகன் பல்கலைக்கழகம் 143 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 141.5. மிச்சிகனுக்கு 1973க்குப் பிறகு கிடைத்த முதல் பிக் டென் பட்டம் அது.

இந்த முடிவில் ஒரு புதிர் இருக்கிறது. பத்து எடைப் பிரிவுகளில் நான்கில் தங்கம் வென்றது பென் ஸ்டேட்: 133 பவுண்டில் ரோமன் பிராவோ யங், 141இல் நிக் லீ, 174இல் கார்ட்டர் ஸ்டரோச்சி, 197இல் மேக்ஸ் டீன். மிச்சிகனுக்கு இரண்டே பேர்: 125இல் நிக் சுரியானோ, 184இல் மைல்ஸ் அமீன். ஒரு தங்கத்துக்கு 16 இடப்புள்ளி என்றால், தங்கங்களில் மட்டும் பென் ஸ்டேட் 64, மிச்சிகன் 32. அந்த 32 புள்ளிப் பள்ளத்தை மிச்சிகன் எங்கேயோ நிரப்பி, அதற்கு மேலும் ஒன்றரைப் புள்ளி சேர்த்திருக்கிறது. எங்கே என்று தேடினால், இந்தப் போட்டி எப்படி ஓடுகிறது என்பது முழுதாகப் புரிந்துவிடும். பார்வையாளர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், ஓரத்து விரிப்பில், தோற்றவர்கள் மோதும் சுற்றுகளில்தான் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் கிடக்கின்றன.

யார் யாரோடு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மல்யுத்தத்தில் மிகக் கடினமானது பிக் டென். அயோவா, பென் ஸ்டேட், மிச்சிகன், மினசோட்டா, ஒஹாயோ ஸ்டேட், நெப்ராஸ்கா என்று 14 அணிகள். 2024இல் மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் நான்கு பிக் டென்னில் சேர்ந்தன. அவற்றில் ஆடவர் மல்யுத்த அணி எதுவும் இல்லாததால் மல்யுத்தத்தில் எண்ணிக்கை 14ஆகவே நிற்கிறது. டான் கேபிள் பயிற்சியாளராக இருந்த 1976 முதல் 1997 வரையிலான காலத்தில் அயோவா 21 முறை தொடர்ந்து இந்தப் பட்டத்தை வென்றது. 2011 முதல் கெய்ல் சாண்டர்சனின் பென் ஸ்டேட் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. நடுவே சில ஆண்டுகளில்தான் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. அவற்றில் ஒன்று 2022.

எடைப் பிரிவுகள் பத்து: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 57 கிலோவில் தொடங்கி 129 கிலோவில் முடிகிறது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பிரிவுக்கு ஒருவர்தான். ஆகவே ஒரு பிரிவில் 14 பேர். அவர்களை 16 இடங்கள் கொண்ட டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையில், போடுவார்கள். தரநிலையில் முதல் இருவருக்கு முதல் சுற்றில் பை, அதாவது ஆடாமலேயே அடுத்த சுற்று. போட்டி மார்ச் முதல் வாரங்களில் ஒரு சனி, ஞாயிறு. இரண்டு நாளில் ஒருவர் நான்கு முதல் ஆறு முறைகூட விரிப்பில் இறங்க வேண்டியிருக்கும்.

இது ஒலிம்பிக் மல்யுத்தம் அல்ல

சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோரைப் பார்த்து நமக்குப் பழகியது ஃப்ரீஸ்டைல். அமெரிக்கக் கல்லூரிகளில் நடப்பது ஃபோக்ஸ்டைல் என்ற வேறொரு பாணி. பெரிய வேறுபாடு தரையில் இருக்கிறது. ஃப்ரீஸ்டைலில் ஒருவரைத் தரையில் சாய்த்தபின் சில விநாடிகளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நடுவர் இருவரையும் எழுப்பிவிடுவார். ஃபோக்ஸ்டைலில் அந்தத் தயவு கிடையாது. கீழே மாட்டியவர் தானேதான் எழுந்து தப்ப வேண்டும். மேலே இருப்பவர் அவரை எழவிடாமல் அமுக்கி வைப்பதும் ஒரு திறமை, அதற்கும் புள்ளி உண்டு.

ஒரு ஆட்டம் 7 நிமிடம்: முதல் பகுதி 3, அடுத்த இரண்டும் தலா 2. முதல் பகுதி இருவரும் நின்ற நிலையில் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் ஆளுக்கொரு முறை நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்: மேல், கீழ், அல்லது நின்றபடி. கீழ் நிலை என்றால் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இருக்க வேண்டும். மேலே இருப்பவர் ஒரு கையை இடுப்பைச் சுற்றித் தொப்புள் அருகே வைத்து, மறு கையால் முழங்கையைப் பிடித்தபடி தொடங்குவார். பெரும்பாலானோர் கீழ் நிலையைத்தான் கேட்பார்கள், தப்பினால் ஒரு புள்ளி உறுதி என்பதால். எதிராளி தரையில் பலசாலி என்று தெரிந்தால் மட்டும் நின்ற நிலையைக் கேட்பார்கள்.

நின்ற நிலையிலிருந்து எதிராளியைச் சாய்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தால் டேக்டவுன். அதற்கு இன்று 3 புள்ளி; 2023-24 பருவம் வரும்வரை 2தான். கீழிருந்து தப்பி நின்றால் 1. கீழிருந்தவர் புரட்டி மேலே வந்தால் ரிவர்சல், 2. எதிராளியின் முதுகை விரிப்புக்கு நெருக்கமாகத் திருப்பிப் பிடித்து வைத்தால், நடுவரின் கை எண்ணுவதற்கு ஏற்ப 2, 3 அல்லது 4. இரண்டு தோள்பட்டையும் ஒரு விநாடி விரிப்பில் அழுந்தினால் பின். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

ரைடிங் டைம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பாணியைப் பின்தொடர முடியாது. யார் மேலே இருக்கிறாரோ அவருக்காக ஒரு கடிகாரம் ஓடும். ஒருவர் 1 நிமிடம் 40 விநாடியும் மற்றவர் 35 விநாடியும் மேலே இருந்திருந்தால் நிகரம் 1 நிமிடம் 5 விநாடி. நிகரம் ஒரு நிமிடத்தைத் தொட்டால் ஆட்ட முடிவில் 1 புள்ளி. 58 விநாடி என்றால் ஒன்றும் இல்லை. கடைசி பத்து விநாடியில் முன்னணியில் இருப்பவர் எழுந்து ஓடாமல் எதிராளியின் கணுக்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால், அவர் சோம்பியிருக்கவில்லை, கடிகாரத்தை வளர்க்கிறார்.

சமநிலையில் முடிந்தால் நின்ற நிலையில் கூடுதல் நேரம், முதலில் புள்ளி எடுப்பவர் வென்றவர். அதிலும் முடியாவிட்டால் ஆளுக்கு 30 விநாடி மேல், கீழ் நிலை. அங்கே தப்பத் தெரியாதவன் தோற்பான்.

அணிப் புள்ளி எங்கிருந்து வருகிறது

அணிக்குப் புள்ளி மூன்று வழியில் சேர்கிறது. முதலாவது, முன்னேற்றம்: வெற்றிப் பக்கத்தில் ஒரு சுற்று வென்றால் 1, ஒருமுறை தோற்றவர்கள் தொடர்ந்து மோதும் பக்கத்தில் வென்றால் அரை. இரண்டாவது, போனஸ்: 8 முதல் 14 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் மேஜர் டிசிஷன், அணிக்குக் கூடுதல் 1, 15 வித்தியாசம் வந்தால் டெக்னிக்கல் ஃபால், ஆட்டம் நிறுத்தப்பட்டு 1.5, பின் என்றால் 2. எதிராளி வராமல் போனாலும், தகுதி நீக்கம் ஆனாலும் பின்னுக்கான மதிப்பே. மூன்றாவது, இடம்: முதல் எட்டு இடங்களுக்கு முறையே 16, 12, 10, 9, 7, 6, 4, 3. ஒன்பதாம் இடத்துக்கு அணிக் கணக்கில் பூச்சியம்.

இப்போது அந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 16க்கும் 12க்கும் இடையே 4. 10, 9க்குப் பிறகு 7, 6 என்று இறங்குகிறது. பிறகு 4, 3. ஜோடி ஜோடியாக நிற்கும் அந்தப் படிகளில்தான் ரகசியம்.

காலிறுதியில் தோற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தோற்றவர்களின் பக்கத்துக்கு வருகிறார். அங்கே முதல் சுற்றில் தோற்று, அதன்பின் ஒருமுறை வென்று வந்த ஒருவர் காத்திருக்கிறார். இந்த ஆட்டத்தில் வென்றவருக்கு முதல் எட்டு உறுதி. தோற்றவருக்கு அணிப் புள்ளி எதுவும் இனி இல்லை. ஆகவே இதன் மதிப்பு அரைப் புள்ளியும், குறைந்தபட்ச இடப்புள்ளி 3ம்: மொத்தம் 3.5. வென்றவர் அடுத்து இன்னொருவரோடு மோதுகிறார். தோற்றால் ஏழாம் இடத்துக்கான ஆட்டம், 4 அல்லது 3. வென்றால் ஐந்து, ஆறுக்குக் கீழே போக மாட்டார், 7 அல்லது 6. மறுபடியும் 3ம் அரையும். அதற்கடுத்த ஆட்டம் அரையிறுதியில் தோற்று இறங்கி வந்தவரோடு. தோற்றால் 7 அல்லது 6, வென்றால் 10 அல்லது 9. மூன்றாவது முறையும் அதே 3.5.

அதாவது தோற்றவர்களின் பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் 3.5 புள்ளி மதிப்புள்ளவை. விளக்குகளை அணைத்து, இசை போட்டு, ஒற்றை விரிப்பில் நடத்தும் இறுதிப் போட்டியின் மதிப்போ 4. வித்தியாசம் அரைப் புள்ளிதான். இறுதிப் போட்டி ஒரு பிரிவுக்கு ஒன்றுதான் நடக்கும். இந்த 3.5 புள்ளி ஆட்டங்கள் ஒரு பிரிவுக்கு எட்டு நடக்கின்றன: நான்கு, இரண்டு, இரண்டு. பத்துப் பிரிவுகளுக்கு 80 ஆட்டங்கள். பெரும் பட்டம் அங்கேதான் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கு. தரநிலையில் ஆறாவதாக உள்ளவர் முதல் சுற்றில் வென்று, காலிறுதியில் வென்று, அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடம் பிடித்தால் அணிக்குக் கிடைப்பது 1, 1, அரை, 10. மொத்தம் 12.5. முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் தோற்றவர்களின் பக்கத்தில் நான்கு சுற்று வென்று மூன்றாம் இட ஆட்டத்தையும் வென்றால்? நான்கு அரைகள் 2, இடத்துக்கு 10. மொத்தம் 12. சனிக்கிழமை காலையில் தோற்றதால் அணி இழந்தது அரைப் புள்ளி மட்டும். ஐந்து வெற்றிகள் என்பதால் போனஸ் வாய்ப்பும் அவருக்கே கூடுதல். இதனால்தான் நல்ல பயிற்சியாளர் காலையில் தோற்ற பையனை முதலில் பிடிப்பார். அவனைச் சாப்பிட வைத்து, நடக்க வைத்து, அடுத்த ஆட்டத்துக்கு மனத்தைத் திருப்புவது அன்றைய வேலைகளில் மிக முக்கியமானது. தோல்விக்குப் பின் வரும் ஆட்டத்தில்தான் அணிகள் அதிகம் நொறுங்குகின்றன. உடம்பு தயாராக இருக்கும், மனம் பேருந்தில் ஏறியிருக்கும்.

இதற்காக இறுதிப் போட்டியைச் சிறிதாக்க வேண்டியதில்லை. போட்டி அணிகள் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் அதன் எடை இரட்டிக்கும். லிங்கனில் 184 பவுண்டு இறுதியில் மிச்சிகனின் அமீனும் பென் ஸ்டேட்டின் ஆரன் புரூக்ஸும் மோதினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சான் மரினோவுக்காக 86 கிலோவில் வெண்கலம் வென்றவர் அமீன். அவர் வென்றார். புரூக்ஸ் வென்றிருந்தால் பென் ஸ்டேட் 145.5, மிச்சிகன் 139. ஒரே ஆட்டத்தில் எட்டுப் புள்ளி திரும்பியிருக்கும். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தால் பட்டம் தீர்மானமாகும் நிலைக்கு மிச்சிகன் வந்து நின்றதே மற்ற எட்டுப் பேரும் தங்கள் பங்கைச் சேர்த்து வைத்ததால்தான். தங்கம் இல்லாத எட்டுப் பேர்.

மூன்று புள்ளி வந்தபின் போனஸ்

ஒன்றரைப் புள்ளி என்பது ஒரே ஒரு டெக்னிக்கல் ஃபாலின் மதிப்பு. அல்லது ஒரு மேஜரும் தோற்றவர்களின் பக்கத்தில் ஒரு வெற்றியும். ஆகவே எளிய எதிராளியை 5-2 என்று வென்று கைகுலுக்கிவிட்டு வருவது அணிக்கு நஷ்டம். இந்த இடத்தில் 2023-24இல் வந்த விதிமாற்றம் கணக்கையே புரட்டிவிட்டது.

வலுவான வீரர் ஒருவர் எதிராளியைச் சாய்ப்பார், வேண்டுமென்றே எழவிடுவார், மறுபடி சாய்ப்பார். எழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு 1. டேக்டவுனுக்கு 2 இருந்த காலத்தில் முதல் முறைக்குப் பின் ஒவ்வொரு சுழற்சியிலும் நிகரம் 1தான். 15 புள்ளி முன்னணிக்கு 14 டேக்டவுன் வேண்டும். 7 நிமிடத்தில் அது மிக மிக அரிது. ஆகவே அப்போது டெக்னிக்கல் ஃபால் வேண்டுமென்றால் எதிராளியை முதுகில் திருப்பியே ஆக வேண்டும். இப்போது 3 புள்ளி. சுழற்சிக்கு நிகரம் 2. ஏழாவது டேக்டவுனிலேயே 21-6, ஆட்டம் முடிந்தது. மேஜருக்கு முன்பு ஏழு தேவைப்பட்டது. இப்போது நான்கு போதும், 12-3. காலைப் பிடித்துச் சாய்ப்பதில் தேர்ந்த அணிகளுக்கு இது பெரும் ஆதாயம். தரையில் திருப்பும் கலையை மட்டும் நம்பியிருந்த வீரர்களின் மதிப்பு அதே அளவுக்குக் குறைந்தது.

முன்னணியைக் காப்பதும் மாறியது. கடைசி அரை நிமிடத்தில் 5-3 என்று முன்னே இருப்பவர் முன்பெல்லாம் ஒரு டேக்டவுன் வாங்கினாலும் 5-5, கூடுதல் நேரம். இப்போது 5-6, தோல்வி. எனவே இரண்டு புள்ளி முன்னணியோடு பின்வாங்கிக்கொண்டே இருப்பது ஆபத்து. நடுவர் முதலில் ஸ்டாலிங் (மோதாமல் நேரம் கடத்துதல்) எச்சரிக்கை தருவார், அடுத்து எதிராளிக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்குவார்.

போனஸ் துரத்துவதில் நடக்கும் தவறும் இங்கேயே சொல்ல வேண்டியது. காலிறுதியில் ஒருவர் 7 புள்ளி முன்னணியில் இருக்கிறார், ஒரு நிமிடம் மிச்சம். மேஜருக்கு இன்னும் 1 வேண்டும். சிலர் எறிப் பிடிக்குப் போய், சமநிலை தவறி, தாங்களே முதுகில் விழுந்து பின் ஆகிவிடுவார்கள். ஒரு புள்ளிக்காக அரையிறுதியே போயிற்று. சரியான வழி பெரும்பாலும் ரைடிங் டைம். நிகரம் 50 விநாடி இருந்தால், எதிராளியை இன்னும் பத்து விநாடி மேலிருந்து அமுக்கினால் 1 புள்ளி, வித்தியாசம் 8, மேஜர். ஓரத்தில் நிற்கும் துணைப் பயிற்சியாளர் கடிகாரத்தைக் காட்டிக் கத்துவது இதற்காகவே.

தராசு

போட்டி விரிப்பில் தொடங்குவதில்லை, தராசில் தொடங்குகிறது. 1997 நவம்பர், டிசம்பரில் ஒரு மாதத்துச் சொச்சத்துக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். ரப்பர் உடையணிந்து, சூடான அறையில் உழைத்து, தண்ணீரை நிறுத்தி, உடலை வற்ற வைத்ததன் விளைவு. அதன்பின் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதிகளை அடியோடு மாற்றியது. ரப்பர் உடையும், எடை குறைக்க நீராவி அறையைப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டன. எடைப் பிரிவுகள் உயர்த்தப்பட்டன. மிகக் குறைந்த பிரிவு 118இலிருந்து 125 ஆனது. எடை பார்ப்பது முந்தைய நாளிலிருந்து போட்டி நாளுக்கு, ஆட்டத்துக்குச் சற்று முன்பாக நகர்த்தப்பட்டது. வற்றிய உடலை ஒரு இரவில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே இல்லாமல் செய்வதுதான் நோக்கம்.

பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறைந்தபட்ச எடை நிர்ணயிக்கப்படும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. அதன் ஒப்படர்த்தி 1.020க்கு மேல் இருந்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள், அன்று அளக்கவே மாட்டார்கள். பிறகு உடல் கொழுப்பு. அது 5 சதவீதத்துக்குக் கீழே போகும் எடையில் போட்டியிட அனுமதி இல்லை. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது.

145 பவுண்டு உள்ள ஒருவருக்குக் கொழுப்பு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 17.4 பவுண்டு, மற்றவை 127.6. அந்த 127.6 மொத்தத்தில் 95 சதவீதமாக இருக்கும் எடை 134.3. ஆக 133 பிரிவு அவருக்கு மூடிவிட்டது, 1.3 பவுண்டு வித்தியாசத்தில். 141தான். அதற்கும் வாரம் 2.2 பவுண்டு வீதம் இரண்டு வாரம் ஆகும். அணியில் 141இல் ஏற்கெனவே அவரைவிடத் திறமையானவர் இருந்தால், உணவைக் கூட்டி உடலை வளர்த்து 149க்குப் போக வேண்டும். பத்துப் பிரிவுகளிலும் புள்ளி எடுக்கும் அணியைக் கட்டுவது என்பது அக்டோபரிலேயே தொடங்கும் இந்த இட ஒதுக்கீட்டு வேலைதான். ஒரு பிரிவில் ஆள் இல்லாமல் பலவீனமான ஒருவரை நிறுத்தினால், மார்ச்சில் அங்கே பூச்சியம் விழும்.

கான்ஃபரன்ஸ் போட்டியின் முதல் நாள், ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு எடை. அந்த இரண்டு மணி நேரத்தில் உப்புச்சத்து கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடித்து, சோறு, ரொட்டி, பழம் போல எளிதில் செரிக்கும் உணவைக் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். எண்ணெயும் நெய்யும் அன்று ஆகாது, வயிற்றில் தங்கிவிடும். கடைசி மூன்று நாளில் அளவுக்கு மீறி எடை குறைத்தவர் முதல் பகுதியில் நன்றாகத்தான் தெரிவார். மூன்றாம் பகுதியில் பிடி தளரும், கால் நகராது. எதிராளியின் பயிற்சியாளர்கள் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, ஆட்டத்தை நீட்டி இழுக்கச் சொல்வார்கள்.

சனிக்கிழமை இரவுதான் மிகக் கடினம். மூன்று ஆட்டம் ஆடிய உடல் பசியோடு இருக்கும், நாளை இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் உண்டு, காலையில் மறுபடி தராசு. இரண்டாம் நாளுக்கு ஒரு பவுண்டு சலுகை தருகிறார்கள், அதாவது சுமார் 450 கிராம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 7 காலை 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலாக இருந்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டது நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அங்கே சலுகை என்பதே கிடையாது. முதல் நாள் முழுக்க ஆடியவர் சாப்பிட்டுக் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட அமெரிக்கக் கல்லூரி விதி இந்த ஒரு விஷயத்தில் நியாயமானது.

எடை பார்க்கும் இடத்திலேயே தோலையும் சோதிப்பார்கள். மல்யுத்தக் கூடங்களில் படர்தாமரையும் ஹெர்பீஸ் கொப்புளமும் வேகமாகப் பரவும். படர்தாமரைக்கு 72 மணி நேரமாவது மேல்பூச்சு மருந்து போட்டிருக்க வேண்டும். ஹெர்பீஸ் என்றால் 120 மணி நேரம் மாத்திரை, கடந்த 72 மணி நேரத்தில் புதுக் கொப்புளம் இல்லாமை, பழையது காய்ந்து பொருக்கு தட்டியிருத்தல், இவை மூன்றும் வேண்டும். திங்கட்கிழமை கண்ணில் பட்டதை மறைத்து வைத்து வியாழக்கிழமை மருத்துவரிடம் காட்டினால் 120 மணி நேரம் முடியாது. ஐந்து மாத உழைப்பு சோதனை மேசையில் நின்றுவிடும். தினமும் பயிற்சி முடிந்ததும் குளிப்பது, விரிப்பைக் கிருமிநாசினியால் துடைப்பது, யாரும் தோல் புண்ணை மறைக்காமல் சொல்லும்படி அணியைப் பழக்குவது: பட்டத்துக்கான வேலையில் இவையும் சேர்த்தி.

அதே விரிப்பில் இன்னொரு போட்டி

அணிப் பட்டம் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு வீரருக்கும் தனிக் கவலை ஒன்று உண்டு: இரண்டு வாரம் கழித்து நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப்புக்கான சீட்டு. தேசியப் போட்டியில் ஒரு பிரிவுக்கு 33 பேர், மொத்தம் 330. இடங்களில் பெரும்பகுதி கான்ஃபரன்ஸ்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. வெற்றிச் சதவீதம், பயிற்சியாளர்கள் தரும் தரவரிசை, எதிராளிகளின் வலுவை வைத்துக் கணக்கிடும் ஆர்.பி.ஐ. என்ற குறியீடு, இந்த மூன்றில் இரண்டிலாவது தேறும் வீரர்கள் ஒரு பிரிவில் எத்தனை பேரோ, அதை வைத்து அந்தக் கான்ஃபரன்ஸுக்கு அத்தனை இடம். ஆனால் இடத்தைச் சம்பாதித்துத் தந்தவருக்கே அது சொந்தமில்லை. பிக் டென்னுக்கு 133இல் ஒன்பது இடம் என்றால், போட்டியில் முதல் ஒன்பதாக வருபவர்களுக்கு அது. பருவம் முழுக்க நன்றாக ஆடி அந்த ஒன்பதில் ஒன்றைச் சம்பாதித்தவர், இந்த இரண்டு நாளில் பத்தாவதாக வந்தால் வெளியே நின்று தேர்வுக் குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மிஞ்சிய சில இடங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி.

அதனால்தான் அணிக்கு ஒரு புள்ளிகூடத் தராத ஒன்பதாம் இட ஆட்டத்தில் அவ்வளவு ஆவேசம். நான்காம் ஆண்டு மாணவனுக்கு அந்த ஏழு நிமிடம்தான் வாழ்வின் கடைசி ஆட்டமா, இன்னும் இரண்டு வாரம் உண்டா என்பதை முடிவு செய்யும். போட்டியின் மிக உண்மையான ஆட்டங்கள் இவைதான் என்பது எங்கள் எண்ணம்.

இரண்டு கணக்கும் மோதும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் அரையிறுதிக்கு வந்துவிட்டார், தேசியச் சீட்டு உறுதி, தோள்பட்டை வலிக்கிறது. இனி ஆடினால் அணிக்குப் புள்ளி. விலகினால் இரண்டு வாரம் ஓய்வு. விலகினால் எதிராளிக்குப் பின்னின் மதிப்பு போனஸாகப் போகும், தன் அணிக்கு வரவேண்டிய 3.5, 3.5 எல்லாம் நிற்கும். தேசியப் பட்டத்தை மட்டும் குறிவைக்கும் அணிகள் தயங்காமல் விலக்கிக்கொள்கின்றன. வீரரின் உடலைப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கும்வரை அதைக் குறைசொல்ல இடமில்லை.

டெட்ராய்ட்டில் தலைகீழ்

லிங்கனுக்குப் பிறகு அதே மார்ச் 17 முதல் 19 வரை மிச்சிகனின் சொந்த மாநிலத்தில், டெட்ராய்ட்டில், தேசிய சாம்பியன்ஷிப். பென் ஸ்டேட் 131.5, மிச்சிகன் 95. ஒன்றரைப் புள்ளியில் தோற்ற அணி 36.5 புள்ளியில் வென்றது. வீரர்கள் பெரும்பாலும் அதே வீரர்கள். மாறியது டிரா.

14 பேர் கொண்ட பிரிவில் எட்டு இடத்துக்குப் புள்ளி. பாதிக்கு மேற்பட்டோர் ஏதாவது ஒரு இடம் பிடிப்பார்கள். நடுத்தர வீரர்கள் பத்துப் பேரும் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவதாக வந்துகொண்டே இருந்தால் அணி உயரும். 33 பேரிலும் அதே எட்டு இடம்தான். பிக் டென்னில் ஆறாவதாக வந்தவருக்கு அங்கே எட்டுக்குள் வருவதே பெரும்பாடு. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி, ஒன்றிரண்டு புள்ளி, முடிந்தது. உச்சியில் நிற்பவருக்கோ எதுவும் குறைவதில்லை, ஒரு சுற்று கூடுதல் என்பதால் ஒரு புள்ளி அதிகம்கூட: போனஸ் இல்லாமலேயே தேசியத் தங்கம் 20 புள்ளி, பிக் டென் தங்கம் 19. நடுப்பகுதியின் புள்ளிகள் ஆவியாகிவிட, தங்கங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

பென் ஸ்டேட்டின் பிராவோ யங், லீ, ஸ்டரோச்சி, டீன் நால்வரும் டெட்ராய்ட்டிலும் தங்கம் வென்றார்கள். ஐந்தாவது தங்கம் 184 பவுண்டில். இறுதியில் மறுபடியும் புரூக்ஸும் அமீனும் நின்றார்கள். இம்முறை நடுவர் உயர்த்தியது புரூக்ஸின் கையை.